பத்து நாள் முகாமும் இரண்டு சாக்குக் கல்லும்

எனக்குச் சொந்த ஊர் தண்டையார்பேட்டை. வடசென்னையில் ஒரு கல்லூரியில், வரலாற்றுத் துறையில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். தொல்லியல் தாள் எடுக்கும் பிள்ளைகளுக்குக் களப்பயிற்சி நடத்தும் பொறுப்பை மூன்று வருடத்துக்கு முன்பு என் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்று இப்போதுதான் சொல்கிறேன், அன்று சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டேன். அந்த முதல் முகாமில் என் கைக்காசு 36,600 ரூபாய் போனது. கழுத்துச் செயின் ஒன்பது மாதம் அடகுக் கடையில் கிடந்தது. ஒரு மாணவி ஆஸ்பத்திரியில் படுத்தாள். இன்னொரு மாணவனிடம் நான் சொன்ன ஒரு வார்த்தை இன்றைக்கும் உறுத்துகிறது. இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதியாவது தவிர்த்திருப்பேன். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. அடுத்து இந்த வேலை யார் கைக்கு வருகிறதோ அவர்களுக்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முகாமை நான் எப்படித் திட்டமிட்டேன் என்று கேட்டால், திட்டமிடவே இல்லை என்பதுதான் உண்மை. நான் மாணவியாக இருந்தபோது எங்களைப் பத்து நாள் வெளியூர் கூட்டிப்போய், ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்து, காலை முதல் மாலை வரை வெயிலில் நடக்கவிட்டார்கள். களப்பயிற்சி என்றால் அதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. அதையே நகல் எடுத்தேன். இடம் தேர்ந்தெடுத்ததில் மட்டும் எனக்கென்று ஒரு ஆசை இருந்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயுமாகக் கடலில் கலக்கிறதே கொசஸ்தலை ஆறு, அதை எங்கள் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பார்த்திருக்கிறார்கள். அதே ஆற்றின் மேல்பகுதியில், திருவள்ளூர் பக்கம், அத்திரம்பாக்கம் இருக்கிறது. 2011-இல் வெளியான ஆய்வு அங்கே கிடைத்த கற்கருவிகளில் மிகப் பழையவற்றுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது சொன்னது. நம் வீட்டுப் பின்னால் ஓடுகிற ஆற்றின் தலைமாட்டில் ஆதிமனிதன் உட்கார்ந்து கல் உடைத்திருக்கிறான் என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் இன்றைக்கும் எனக்குத் தப்பு தெரியவில்லை.

தேதி வைத்ததுதான் முதல் முட்டாள்தனம். கல்லூரி விடுமுறை என்பதால் மே மாதம். வெயில் தாங்குமா என்று நான் இழுத்தபோது மூத்தவர் ஒருவர் சிரித்தார்: "புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டெடுத்தது என்னைக்குன்னு தெரியுமா? 1863 மே 30. துரைக்கே வெயில் சுடல, நம்ம பசங்களுக்கா சுடப்போவுது?" தேதி சரிதான். இந்தியாவில் பழங்கற்கால ஆய்வே ஆதிமனிதன் செதுக்கிய அந்த ஒரு கல்லில்தான் தொடங்கியது. ஆனால் ஃபூட் நிலவியல் துறைச் சம்பளத்துக்கு வேலை பார்த்த வெள்ளைக்கார மனுஷர். காலையில் பழைய சோற்றைத் தின்றுவிட்டு, கழிப்பறை எங்கே என்று தெரியாமல், வீட்டுக்குப் பொய் சொல்லிவிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண் இல்லை. இந்தப் பதில் எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

வகுப்பில் 24 பேர். தலைக்கு 1,500 ரூபாய் என்று அறிவித்தேன். 13 பேர் பெயர் கொடுத்தார்கள். மீதி 11 பேருக்கு ஆர்வம் இல்லை என்று முடிவுகட்டினேன். வகுப்பிலேயே சொல்லவும் செய்தேன்: "தொல்லியல்னா களம்தான். களத்துக்கு வராதவங்க வேற பாடம் எடுத்திருக்கலாம்." யாரும் பதில் பேசவில்லை. அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் இரண்டு கழிப்பறை இருந்தது. களத்தில் ஒன்றுகூட இல்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மண்டபத்துக்குத் திரும்ப மதியம் ஒரு மணி ஆகிவிடும். முதல் நாளிலிருந்தே பெண்கள் தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே கொண்டுவந்தார்கள். நான் கவனிக்கவில்லை. நான்காம் நாள் பதினொரு மணி வாக்கில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். வேனைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீர் வற்றிவிட்டது, சிறுநீரில் தொற்றும் இருக்கிறது என்றார் டாக்டர். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏம்மா தண்ணி குடிக்கல?" என்று கேட்டேன். "குடிச்சா அப்புறம் எங்க மிஸ் போறது?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நானும் இதைத்தான் செய்தேன், என் முகாமில், இதே வயதில். பொம்பளைப் பிள்ளைகள் களத்தில் தாக்குப்பிடிக்காது என்று ஒருவர் பேசியதைக் கேட்டு, வாயைக் கட்டிக்கொண்டு பத்து நாளும் தாக்குப்பிடித்தேன். தாக்குப்பிடித்ததைப் பெருமையாக வைத்துக்கொண்டு, எதைத் தாக்குப்பிடித்தேன் என்பதை மறந்துவிட்டேன்.

அந்த மாணவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பைக் விபத்தில் ஒரு காலை இழந்தவன், ஊன்றுகோலோடு நடப்பவன். பணம் கட்டி, எல்லோருக்கும் முன்னால் பெயர் கொடுத்தவன் அவன்தான். முதல் நாள் களத்தில் இருந்த சரளை மேட்டில் நாலடி ஏறிப் பார்த்துவிட்டு நின்றான். நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "நீ மண்டபத்துல இருப்பா, சமையலைப் பாத்துக்கோ" என்றேன். அவனும் சரி மிஸ் என்றான். ஆறு நாளும் சமையல்காரருக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். 1,500 ரூபாய் கட்டி வெங்காயம் உரித்தான். இதில் கொடுமை என்னவென்றால், அகழாய்வில் குழிக்குள் நடக்கும் வேலையைவிட மேஜை வேலைதான் அதிகம். ஒரு மணி நேரம் தோண்டினால் வந்த பானை ஓட்டைக் கழுவ, காயவைக்க, எண் எழுத, வகை பிரிக்க, வரைய, பதிய அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். அதில் ஒன்றைக்கூட நான் அந்த முகாமில் வைக்கவில்லை. நடப்பதை மட்டும் களப்பணி என்று வைத்தேன், நடக்க முடியாதவனுக்கு வேலை இல்லை என்றேன்.

இவ்வளவு கஷ்டப்பட்டு என்னதான் கொண்டுவந்தோம்? இரண்டு அரிசிச் சாக்கு நிறையக் கல். போட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினார்கள், நானும் தடுக்கவில்லை. எந்தக் கல் எந்த மேட்டில், எந்த மண்ணின் மேல் கிடந்தது என்று ஒருவரும் குறிக்கவில்லை. கிடந்த இடம் தெரியாத கல் வெறும் கல்தான். அதில் நிஜமான கருவியே இருந்தாலும் அதன் கதை அந்த மேட்டிலேயே போய்விட்டது. வருடத்துக்கு ஒரு வகுப்பு இப்படிச் சாக்கோடு போனால் பத்து வருடத்தில் அங்கே பார்க்க என்ன மிஞ்சும்? தோண்டினால்தான் அழிவு என்றில்லை, பொறுக்கினாலும் அழிவுதான். அந்தச் சாக்குகள் இப்போதும் எங்கள் துறை மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. பெருக்க வரும் அக்கா மாதம் ஒருமுறை, "இந்தக் கல்ல எடுத்துப் போட்டுடட்டா?" என்று கேட்பார்.

மயங்கி விழுந்த செய்தி கேட்டு மறுநாள் இரண்டு அப்பாக்கள் வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். ஆறாம் நாளோடு முகாமை முடித்தேன். மண்டபத்துக்குப் பத்து நாள் வாடகை 25,000 முன்பணமாகவே கொடுத்தாயிற்று, திரும்பவில்லை. வேன் 14,000, சாப்பாடு 21,000, தார்ப்பாய், கயிறு, சாமான்கள் 4,300, ஆஸ்பத்திரி 3,200. மொத்தம் 67,500. பிள்ளைகள் கட்டியது 19,500. கல்லூரியில் 25,000 தருவதாக வாயால் சொன்னார்கள். ஒன்பது மாதம் கழித்து 11,400 வந்தது. காய்கறிக்காரர் கொடுத்த துண்டுச் சீட்டு செல்லாது, சமையல்காரர் கூலிக்கு ரசீது இல்லை, வேனுக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கவில்லை. ஒவ்வொன்றாக அடித்தார்கள். விதிப்படி அவர்கள் சொன்னதும் தப்பில்லை. தெரியாமல் போனது நான்தான். இதில் ஒரே பாடம்: எழுத்தில் அனுமதியும் கையில் முன்பணமும் வராமல் ஒரு ரூபாய் எடுக்காதீர்கள். சின்னச் செலவுக்கு ரசீது கிடைக்காது என்றால், அதற்கு எந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் செல்லும் என்று கணக்குப் பிரிவில் போவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். போய்வந்து கேட்டால் யாருக்கும் உங்களைத் தெரியாது.

ஜூனில் கல்லூரி திறந்ததும் வராத அந்த 11 பேரிடம் பெயர் போடாமல் சீட்டு எழுதி வாங்கினேன். கொஞ்சம் பயத்தோடுதான் பிரித்தேன். ஒருத்தி, ராத்திரி வெளியே தங்க வாப்பா விடமாட்டார் என்று எழுதியிருந்தாள். ஒருவன் விடியற்காலை காசிமேட்டில் ஏலத்துக்குப் போகிறான், மீன்கூடை தூக்கினால்தான் வீட்டுக்கு அரிசி. இரண்டு பேர் உணவு டெலிவரி வேலையில், பத்து நாள் விட்டால் அந்த மாத வருமானம் போச்சு. ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான்கு பேர் 1,500 ரூபாய் இல்லை என்றார்கள். ஒருத்திக்கு அந்த வாரம் மாதவிடாய் வரும், மண்டபத்தில் எப்படிச் சமாளிப்பது என்று பயம். கடைசிச் சீட்டில் மட்டும் "பிடிக்கவில்லை" என்று இருந்தது. 11 பேரில் ஆர்வம் இல்லாதவர் ஒரே ஒருவர்! வகுப்பில் நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வருடம் வேலையைத் தலைகீழாக ஆரம்பித்தேன். இடத்தை முடிவு பண்ணிவிட்டு யார் வருகிறார்கள் என்று பார்க்காமல், யாருக்கு எதனால் வர முடியாது என்ற பட்டியலை முதலில் மேஜையில் வைத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி இடமும் நேரமும் தேடினேன். பத்து நாள் தொடர்ச்சியாக வேண்டாம், பன்னிரண்டு சனிக்கிழமை. காலை ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை. ஏலத்துக்குப் போகிற பையன் குளித்துச் சாப்பிட்டு வந்துவிடுவான், டெலிவரி பையன்கள் மதிய நெருக்கடி நேரம் முழுக்கக் கைவிட்டுப் போகாமல் பாதியாவது ஓட்டுவார்கள். பெண்களுக்கு மாநகரச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் பயணச் செலவே இல்லாமல் போனது. நான் கேட்டதும் ஒரு அப்பா சொன்னார்: "பகல்ல எங்க வேணா கூட்டினு போங்க மேடம், நான் எதுவும் கேக்க மாட்டேன்."

இடத்துக்கு ஊர்விட்டு ஊர் போக வேண்டியதே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மாடிப்பூங்கா இருக்கிறது. 1758-59 பிரெஞ்சு முற்றுகைக்குப் பிறகு கருப்பர் நகரை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றி கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டு. அந்த மதில் செலவுக்கு வரி போட நினைத்ததில் வந்த பெயர்தான் வால்டாக்ஸ் ரோடு. தினம் அதில் பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு இது தெரியாது. செங்கல் அளவு எடுப்பது, கட்டுமானத்தில் எது பழசு, எது பிற்பாடு பூசியது என்று பிரிப்பது, சுவரை அளவுகோலுக்கு வரைவது எல்லாம் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் இன்னொரு பாடம். தரை மட்டமாக இருக்கும், நிழல் இருக்கும். எந்த இடத்துக்கும் நான் ஒரு வாரம் முன்னதாகத் தனியாகப் போய், கழிப்பறை எங்கே, திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, ஊன்றுகோலோடு போக எத்தனை படி என்று நோட்டில் எழுதிவைத்தேன். முதல் தடவை இப்படிப் போனபோது ஆய்வுக்கு வந்த அதிகாரி என்று நினைத்து ஒரு காவலாளி சல்யூட் அடித்தார்.

திருவொற்றியூர் கோயிலைச் சேர்க்கும்போது கொஞ்சம் யோசித்தேன். கல்வெட்டு படிக்க அதைவிட நல்ல இடம் எங்கள் பக்கத்தில் இல்லை. படுத்திருக்கும் யானையின் முதுகு மாதிரி பின்பக்கம் வளைந்து, தூங்கானை மாடமாக நிற்கும் அந்தக் கருவறையை ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எடுத்த தச்சன் பெயரே கல்வெட்டில் இருக்கிறது: ரவி, பட்டப்பெயர் வீரசோழத் தச்சன். அரசன் பெயரையே படித்துச் சலித்த பிள்ளைகள் ஒரு கொத்தனார் பெயரைக் கல்லில் கண்டதும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ஆனால் என் வகுப்பில் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் உண்டு. அங்கே போய் நின்றபிறகு யாராவது தடுத்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அதனால் எல்லோர் பெயரையும் எழுதி, எதுவரை வரலாம், எங்கே போட்டோ எடுக்கலாம் என்று கோயில் அலுவலகத்தில் எழுத்தாகவே கேட்டு வாங்கினேன். வெளிப் பிரகாரத்தில் எல்லோரும் நிற்க முடிகிற பக்கத்தை மட்டும் பாடமாக வைத்தேன். கல்லின்மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் அடித்து, மை தடவி எழுத்தைப் பிரதி எடுக்கும் மைப்படிக்கு அனுமதி கேட்கவில்லை. தெரியாத கையால் பிரஷ் போட்டு அடித்தால் பொரிந்த கல்லில் எழுத்து உதிரும். பார்த்து நோட்டில் எழுதுவது, சாய்ந்த வெளிச்சத்தில் போன் டார்ச் அடித்துப் படிப்பது போதும். அன்றைக்கு வர மனமில்லாதவர்கள் ராயபுரம் பழைய கல்லறை எழுத்துகளைப் படித்து அதே பயிற்சியை முடித்தார்கள், மதிப்பெண்ணில் வித்தியாசம் கிடையாது.

குழி தோண்டும் பயிற்சிக்கு என்ன செய்வது? தொல்லியல் அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும், வகுப்புக்காக யாரும் எங்கேயும் தோண்ட முடியாது, கூடாது. அதனால் பூமியைத் தோண்டாமல் மண்ணை மேலே தூக்கிவிட்டோம். கல்லூரிப் பின்பக்கம் இடித்த காம்பவுண்டுச் செங்கல் கிடந்தது. அதை வைத்து இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு தொட்டி. நாற்காலியில் உட்கார்ந்தால் கைக்கு எட்டும், ஒரு மீட்டர்தான் அகலம் என்பதால் இரண்டு பக்கமிருந்தும் நடுவரை வேலை செய்யலாம். நான்கு குட்டி யானை மண் 7,200 ரூபாய், கொத்தனார் ஒருநாள் கூலி 1,200, சல்லடை, நூல், ஆணி, ரசமட்டம், தூக்குக் குண்டு, கொத்தனார் கரண்டி எல்லாம் 2,100. மொத்தம் 10,500, இந்தத் தடவை முன்பணம் வாங்கிக்கொண்டுதான் செய்தேன். கொசப்பேட்டையில் உடைந்த பானையைச் சும்மாவே கொடுத்தார்கள். கிளிஞ்சல், மீன் முள், வளையல் துண்டு, பழைய ஐந்து பைசா. செம்மண், ரப்பீஸ், அடுப்புக்கரி, மணல் என்று அடுக்கு அடுக்காக நிரப்பினோம். சாம்பல் அடுக்குக்கு எண்ணூர்ச் சாம்பலைக் கொண்டுவரவா என்று ஒருவன் கேட்டான். சாம்பலுக்கு நமக்கா பஞ்சம்! ஆனால் அது நிலக்கரிச் சாம்பல், சல்லடையில் போட்டுச் சுவாசிக்கிற சாமான் இல்லை, வேண்டாம் என்றேன்.

ஊன்றுகோல் பையன் அப்போது மூன்றாம் வருடம். அவனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்க மிஸ், வெங்காயம் நல்லாவே உரிக்க வருது இப்ப" என்றான். தொட்டியின் குறுக்கு வெட்டை அளவுகோலுக்கு வரைவதில் அவனுக்கு நிகர் யாருமில்லை. பானை விளிம்பு வரைவதை ஜூனியர்களுக்கு அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

தொட்டியில் ஒரு குறை இருந்தது. நிரப்பியது நான், எனவே விடை எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தே பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அதனால் இப்போது ஒரு வகுப்பு தோண்டி முடித்தபின் அடுத்த வகுப்புக்காக அவர்களே நிரப்புகிறார்கள். எந்த அடுக்கில் எதை வைத்தோம் என்று எழுதி, உறையில் ஒட்டி, துறை பீரோவில் வைத்துவிடுவார்கள். தோண்டியவர்களின் பதிவேடு முடிந்தபிறகுதான் உறையைப் பிரிப்போம். போன வருடம் குறும்புக்காரர்கள் சிலர், எலி வளை மாதிரி ஒரு பொந்து செய்து மேல் அடுக்குக் காசைக் கீழே தள்ளி வைத்திருந்தார்கள். ஜூனியர்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை, நானும்தான் கண்டுபிடிக்கவில்லை.

வெளியூர் போவதை முழுக்க விடவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் மட்டும். திருவள்ளூர்வரை மின்சார ரயில், அங்கிருந்து பூண்டி. தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்த்துவிட்டு, அருகில் ஒரு மேட்டில் நடை. யாரும் எதையும் எடுக்கக் கூடாது. பத்து சென்டிமீட்டர் அளவுத்தாளைப் பக்கத்தில் வைத்துப் படம் எடு, போனில் இருப்பிடத்தைக் குறி, எண் போட்டு நோட்டில் எழுது, கல்லை அங்கேயே விடு. இரவு ஏழுக்குள் வீடு. இது நிஜ அகழாய்வுக்கு ஈடாகாது. தொட்டி மண்ணில் நாள் முழுக்க ஒன்றுமே கிடைக்காத சலிப்பு வராது, அந்தச் சலிப்பும் இந்தத் தொழிலில் ஒரு பாடம்தான். அதை என்னால் கொடுக்க முடியவில்லை.

இன்னொன்று. களப்பயணமும் அதற்கான வண்டியும் கல்லூரி வளாகத்தின் நீட்சிதான் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறை சொல்கிறது. அதனால் கிளம்பும் முன் புகார்க் குழு உறுப்பினர் ஒருவரின் எண்ணை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். என் எண்ணை மட்டும் கொடுத்தால் போதாது, புகார் என்மேலேயே இருக்கலாம் இல்லையா?

இந்த வருடம் காது கேளாத மாணவி ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். முதல் நாளே, களப்பயிற்சியில் உனக்கு எது இடைஞ்சலாக இருக்கும் என்று எழுதிக் கேட்டேன். போனில் தட்டிக் காட்டினாள்: "மாஸ்க் போட்டா உதடு தெரியாது மிஸ்." சல்லடைத் தூசிக்கென்று அப்போதுதான் ஐம்பது மாஸ்க் வாங்கி பீரோவில் வைத்திருந்தேன். சல்லடையைக் காற்று போகிற பக்கம் தள்ளி வைப்பது, பேச வேண்டியதைப் பேசிவிட்டு அப்புறம் மாஸ்க் போடுவது என்று வைத்திருக்கிறோம். வருகிற சனிக்கிழமை முதல் தடவையாகப் பார்க்கப்போகிறோம்.